ஓரத்தில் விட்ட இடம்

தாளின் இடது ஓரத்தில் நான்கு விரல் அகலம் விட்டு எழுதுகிறேன், ஐயா. கோடு பென்சிலில்தான் போட்டிருக்கிறேன், வேண்டாமென்றால் அழித்துக்கொள்ளலாம். கல்லூரிப் பிள்ளைகளுக்கு எழுதி எழுதி வந்த பழக்கம். ஓரம் விடாத தாளை ஹெப்ரான் சார் வாங்கமாட்டார்.

"நடந்ததை உங்கள் சொந்த வார்த்தையில் எழுதித் தாருங்கள்" என்று சொல்லி வெள்ளைத் தாள்களை வைத்துவிட்டுப் போனீர்கள். நல்ல தலைப்பு. அடுத்தவர் பெயரில் எழுதிக்கொண்டிருந்தவளிடம் இப்படி ஒருவரும் கேட்டதில்லை. ஹெப்ரான் சாரின் மேல்முறையீட்டை விசாரிக்க நிர்வாகம் உங்களை அனுப்பியிருக்கிறது. போன விசாரணையில் நான் சொன்னதால்தான் அவருக்கு வேலை போனது. இரண்டும் எனக்குத் தெரியும். அதனால் சுற்றி வளைக்காமல் வரிசையாகச் சொல்கிறேன்.

என் பெயர் மதுமதி. பாளையங்கோட்டையில், கல்லூரி வாசலுக்கு எதிரே பெருமாள்ராஜ் அண்ணாச்சியின் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். தமிழ் படித்தவள். வண்ணார்பேட்டையில் ஒரு மாடி அறையில் தனியாகக் குடியிருக்கிறேன். அண்ணன் மகேஷ் கோயம்புத்தூரில் இருக்கிறான். தீபாவளிக்குப் போன் செய்து "சாப்பிட்டியா" என்பான். "சாப்பிட்டேன்" என்பேன். சனிக்கிழமை ஷட்டரை இறக்கினால், திங்கட்கிழமை அண்ணாச்சி வந்து "ஏளா, பேப்பர் தீந்துட்டா?" என்று கேட்கும்வரை என்னிடம் பேச ஆள் கிடையாது. குறையாகச் சொல்லவில்லை. விசாரணைக்கு வேண்டியிருக்கும் என்று சொல்கிறேன்.

பொதுத் தமிழ் உங்களுக்குத் தெரிந்ததுதான். இலக்கியம் படித்தாலும் வரலாறு படித்தாலும் வணிகம் படித்தாலும், முதல் இரண்டு ஆண்டும் எல்லாப் பிள்ளைகளும் தமிழ் படித்தாக வேண்டும். ஹெப்ரான் சார் தற்காலிக ஆசிரியராக வந்து சேர்ந்தபோது ஆங்கில இலக்கியம், வரலாறு, பி.பி.ஏ. என்று மூன்று வகுப்பையும் அவரிடம் கொடுத்தார்கள். அதற்கு முன்பெல்லாம் அசைன்மெண்ட் என்றால் பிள்ளைகள் போனைக் கேட்பார்கள், போன் சொல்லும், நான் அச்செடுத்து ஸ்பைரல் போட்டுக் கொடுப்பேன். இவர் வந்து அதை மாற்றினார். கைப்பட எழுத வேண்டும், அவரவர் வீட்டுக் கதையை எழுத வேண்டும் என்றார். பிள்ளைகள் தவித்துப்போனார்கள். எங்கள் கடைக்கு வந்தார்கள்.

முதலில் வந்தவன் மணிராஜ். வரலாற்று வகுப்பு. மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டை மூடியபோது மலையிலிருந்து இறங்கி வந்த குடும்பம்.

"எக்கா, நீங்க நல்லா எழுதுவியளாமே. எனக்கு ஒண்ணு எழுதித் தாங்களேன்."

"உன் ஊரைப் பத்தி நான் எப்படிலே எழுத?"

"நான் சொல்லுதேன், நீங்க எழுதுங்க. எனக்குச் சொல்லத்தான்க்கா வரும்."

அவனுக்குச் சொல்லவும் வரவில்லை. கடைசியாக வீட்டைக் காலி செய்த அன்று அவன் அம்மா இசக்கியம்மா கதவைப் பூட்டினாள், சாவியை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கையோடு கொண்டுவந்துவிட்டாள், அது இப்போதும் ஆணியில் தொங்குகிறது என்றான். அவ்வளவுதான். மிச்சத்தை நான் எழுதினேன். 'உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்தும், பூட்டிய பிறகு அம்மா ஒருமுறை கதவைத் தட்டிப் பார்த்தாள்' என்று முடித்தேன்.

"எங்கம்மா தட்டலையேக்கா."

"தட்டியிருப்பாவ. நீ பாத்திருக்க மாட்ட."

காசு வேண்டாம் என்றேன். திருத்தி வந்த தாளை என்னிடம் கொண்டுவந்து தந்துவிட வேண்டும், அதுதான் கூலி. அவன் சிரித்துக்கொண்டே போனான். நான் எழுதியதைத் தன் கையெழுத்தில் பார்த்து எழுதிக் கொடுத்தான்.

தாள் திரும்பி வந்தது. பச்சை மையில், சாய்வில்லாத, நிதானமான எழுத்து. கடைசி வரியின் ஓரத்தில் இப்படி எழுதியிருந்தார்: "இது உங்கள் சொந்த வரி. இதை எழுத நீங்கள் நிறையத் தனியாக இருந்திருக்க வேண்டும்."

நீங்கள் என்று எழுதியிருந்தார். பதினெட்டு வயதுப் பையனுக்கு எந்த வாத்தியார் நீங்கள் போட்டு எழுதுவார்? அந்தத் தாளின் பின்னால் வேறு யாரோ இருக்கிறார்கள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்கு நான் அப்படி நினைத்தேன். யோசித்துப் பாருங்கள், நியாயமாகத்தான் இருக்கும்.

பிறகு ஹம்ஸினி வந்தாள். ஆங்கில இலக்கியம், மழை பற்றி ஒரு சிறுகதை. மேலப்பாளையம் பக்கமிருந்து இசக்கிச்செல்வி வந்தாள். பி.பி.ஏ. அவளுக்குத் தலைப்பு 'எங்கள் தெருவில் மூடப்போகும் ஒரு கடை'.

"எங்க தெருல ஓடாத கடையே கெடையாதுக்கா. பீடிக்கடை கூட ரெண்டாச்சு" என்றாள்.

நான் ஒரு வளையல் கடையைக் கட்டிக் கொடுத்தேன். விற்பனை இல்லை, ஆனாலும் யாராவது வருவார்கள் என்று கடைக்காரி தினமும் திறந்து, கண்ணாடியைத் துடைத்து, உட்கார்ந்திருக்கிறாள். வரவு செலவு, வாடிக்கையாளர் மனநிலை எல்லாம் சேர்த்துத்தான் எழுதினேன். வணிகப் பிள்ளைக்கு அது வேண்டும். ஓரத்தில் அவர் எழுதியது: "இந்தக் கடைக்கு ஒருவராவது வந்திருக்கலாம்."

அந்த வாரம் முழுக்க நான் தலையில் பூ வைத்துக்கொண்டு வேலைக்கு வந்தேன். அண்ணாச்சி, "என்னளா, கோயிலுக்கா?" என்றார். ஆமாம் என்றேன்.

அதற்குப் பிறகு நான் அவரோடு பேச ஆரம்பித்தேன். ஒரு பிள்ளையின் தாளில் கேட்பேன். பதில் இன்னொரு பிள்ளையின் தாளில் வரும். ஹம்ஸினியின் கதையில், கடை வாசலில் ஒதுங்கிய ஆளிடம் ஒரு பெண் "மழை நின்றதும் போய்விடுவீர்களா?" என்று கேட்பதாக எழுதினேன். அவர் ஓரத்தில், "போகமாட்டார் என்று முடித்தால் கதை இன்னும் நிற்கும்" என்று எழுதினார். நான் 'போகமாட்டார்' என்பதை மட்டும் கத்தரித்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்தேன். புடவை எடுக்கும்போது கண்ணில் படும்.

மணிராஜ் ஒருநாள் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னான்.

"அவரு எல்லாரையும் நீங்க வாங்கன்னுதான்க்கா பேசுவாரு. கேன்டீன்ல தட்டு எடுக்க ஆளைக்கூட. வராண்டால படுத்துக் கெடக்க நாயப் பாத்து 'கொஞ்சம் தள்ளிப் படுங்க'ன்னாரு. நாங்க விழுந்து விழுந்து சிரிச்சோம்."

நானும் சிரித்தேன். அவர் கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொண்டேன். எல்லாரிடமும் ஒரே மாதிரி பேசினால்தான் ஒருவரிடம் பேசுவது வெளியே தெரியாது.

அவருக்கு மனைவி உண்டு என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. செல்வமணி என்று பெயர். ஒருநாள் கடைக்கு வந்தார், இடுப்பில் குழந்தையோடு. சாரின் சான்றிதழ்களை நகலெடுக்க வேண்டும். வேலை நிரந்தரமாகப்போகிறது, இன்றைக்கே கொடுக்க வேண்டும் என்றார். முகமெல்லாம் சிரிப்பு. "தங்கச்சி, இந்தப் போட்டோ ஒட்டுன தாள் மட்டும் தெளிவா வரட்டும். ஆறு வருசமாக் காத்துக் கெடந்து வந்த வேலை" என்றார். தெளிவாகவே எடுத்துக் கொடுத்தேன். ஒரு பிரதி கூடுதலாக வந்தது. இயந்திரத்தில் சில சமயம் அப்படி வரும். குழந்தைக்கு ஒரு மிட்டாய் கொடுத்தேன்.

நிரந்தரமானால் அவர் எம்.ஏ. வகுப்புக்கு மட்டும் போவார், பொதுத் தமிழ் எடுக்கமாட்டார் என்று ஹம்ஸினி சொன்னாள். அப்படியென்றால் தாள்கள் வராது. எனக்குப் பதற்றம் எதுவும் ஏற்படவில்லை. போவதற்குள் ஒருமுறை நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று அவருக்கும் இருக்கும். எந்தக் கடை என்பதுதான் தெரிந்திருக்காது. அதனால் கடைசி அசைன்மெண்டில், மணிராஜ், ஹம்ஸினி, இசக்கிச்செல்வி மூன்று பேர் தாளிலும் ஒரே வரியை வைத்தேன். 'யாரும் இல்லாத வீட்டுக் கதவையும் ஒருமுறை தட்டிப் பார்க்க வேண்டும்.' வரலாற்றுக் கட்டுரையிலும் இருந்தது, கதையிலும் இருந்தது, வணிகக் கட்டுரையிலும் இருந்தது. அவர் பிள்ளைகளைக் கேட்டால் கடையைச் சொல்லிவிடுவார்கள். மூன்று பிள்ளைகளும் மாட்டிக்கொள்வார்கள் என்பது எனக்குத் தெரியும். சின்ன வயது, சமாளித்துக்கொள்வார்கள். இசக்கிச்செல்விக்குத்தான் தமிழில் தேர்ச்சி நின்றுபோனது. அவள் இப்போது கடைப்பக்கம் வருவதில்லை.

அவர் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் கடைக்கு வரவில்லை. மூன்று தாளையும் எடுத்துக்கொண்டு நேராகத் துறைத் தலைவரிடம் போய், "என் வகுப்பில் தவறு நடந்திருக்கிறது, விசாரியுங்கள்" என்று அவரே எழுதிக் கொடுத்தார். நேர்மையானவர். அது எனக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும்.

பிள்ளைகள் என் பெயரைச் சொன்னார்கள். என்னைக் கூப்பிட்டார்கள். நான் எழுதியதை ஒப்புக்கொண்டேன். அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். விசாரணையில் இருந்த ஒருவர் தாள்களைப் புரட்டிக்கொண்டே, "எல்லாத் தாளுக்கும் இந்த ஆசிரியர் இவ்வளவு மதிப்பெண் போட்டிருக்கிறாரே, உங்களுக்கும் அவருக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?" என்று கேட்டார்.

அப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. நீங்களும் என் இடத்தில் இருந்திருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பீர்கள்.

உண்டு என்றேன். அவருக்குத் தெரிந்துதான் எல்லாம் நடந்தது, இருவரும் பேசிவைத்துத்தான் செய்தோம் என்றேன். திருத்திய தாள்களையெல்லாம் எடுத்து வைத்தேன். ஓரத்து எழுத்தை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். அவர் மனைவி கடைக்கு வந்ததைச் சொன்னேன். சான்றிதழ் நகலையும் காட்டினேன்; வேற்று ஆளிடம் இதெல்லாம் இருக்குமா என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். நான் அழவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. அதனால் நம்பினார்கள்.

அறிக்கையை நகலெடுக்க எங்கள் கடைக்குத்தான் கொடுத்தனுப்பினார்கள். அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஒன்ன வேலைய விட்டு நிறுத்தணும்ளா. நிறுத்திட்டா ஸ்பைரல் யாரு போடுவா?" என்று சொல்லி என்னிடமே கொடுத்தார். 'திரு. ஹெப்ரான், செல்வி மதுமதி ஆகிய இருவரும்' என்று ஆரம்பித்தது. அந்த வரியைப் பைய வாசித்தேன். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடையில் இத்தனை வருடம் இருக்கிறேன். என் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பெயரை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதிலும் ஒரு பிரதி கூடுதலாக வந்தது.

விசாரணை முடிந்த அன்று வராண்டாவில் அவரை நேருக்கு நேர் பார்த்தேன். கையில் குடையும் சாப்பாட்டுப் பையும் இருந்தன. சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. என் பக்கத்தில் வந்து நின்றார். அடிக்க வருகிறார் என்று பியூன் ஓடி வந்தான். அவர் அப்படிப்பட்டவர் இல்லை.

"நீங்க யாரு?" என்று கேட்டார். "எனக்கு உங்களத் தெரியலையே. நான் உங்களுக்கு என்ன செஞ்சேன்?"

நன்றாகக் கவனியுங்கள் ஐயா. வேலை போன அந்த நிமிஷத்திலும் அவர் வாயில் 'நீ' வரவில்லை.

செல்வமணி குழந்தையோடு சாத்தான்குளத்தில் பெற்றோர் வீட்டுக்குப் போய்விட்டார் என்றும், சாருக்கு எந்தக் கல்லூரியிலும் வேலை கொடுக்கவில்லை என்றும் நேற்று சொன்னீர்கள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னீர்கள். எனக்கு வருத்தம்தான். தனியாக இருப்பது எப்படி இருக்கும் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? இப்போது அவருக்கும் தெரியும்.

நீங்கள் கேட்ட வரிகளை எழுதிவிடுகிறேன். ஹெப்ரான் சாருக்கு என்னைத் தெரியாது. வராண்டாவில் அன்று கேட்டதைத் தவிர அவர் என்னோடு ஒரு வார்த்தையும் பேசியதில்லை. பிள்ளைகளின் எழுத்து என்று நம்பியே மதிப்பெண் போட்டார். போன விசாரணையில் நான் சொன்னது பொய். அவர் வேலை போகும் என்று தெரிந்தே சொன்னேன்.

இந்தத் தாளில் என் கையெழுத்து இருந்தால் அவருக்கு வேலை திரும்பக் கிடைக்கும் என்றீர்கள். கீழே இடம் விட்டிருக்கிறேன். இன்னும் போடவில்லை. என் கூலி உங்களுக்குத் தெரியும். தாளை அவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். முழுக்க வாசிக்கட்டும். இது முதல்முறையாக என் பெயரில், என் கையெழுத்திலேயே எழுதியது. ஓரத்தில் ஒரு வரி எழுதித் தந்தால் போதும்; பச்சை மையாக இருந்தால் நல்லது. திருத்திய தாளை அவரே கொண்டுவர வேண்டும், அப்போது போட்டுத் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை என்றாலும் பரவாயில்லை. மாடிப்படி ஏறியதும் முதல் கதவு. ஒருமுறை தட்டினால் போதும், நான் உள்ளேதான் இருப்பேன்.