ஓடத் தெரிந்த உடம்பு

— ‘வெம்பக்கோட்டை, ஜூன் 10. பட்டாசு ஆலையில் தீ. ஒரு அறை சேதம். உயிர்ச்சேதம் இல்லை.’ அம்புட்டுத்தான் போட்டிருக்கான் செல்வி. பொண்டாட்டிய உள்ள விட்டுட்டு ஒருத்தன் ஓடுனதப் போடல.

— அந்தப் பழைய பேப்பர மடிச்சு வச்சிட்டுச் சட்டையப் போடுங்க. கம்பெனி வேன் வந்துரும்.

— நான் வரல. ‘சங்கிலிமுத்து அண்ணனுக்கு எதுக்கு வேனு, ஓடியே வந்துருவாக’ன்றானுக.

— அவனுக மட்டும் நின்னானுகளாக்கும்? உங்களுக்குப் பின்னால வந்தவனுகதான.

— நீ ஓடலையே.

— கூட வேலை பாக்குற யோகேஸ்வரிக்குப் பொகையில வாசல் தெரியல. என் கை அவளப் புடிச்சிருச்சு. யோசிச்சா செஞ்சேன்? நேத்துக் கம்பெனிக் கூட்டத்துல டாக்டரம்மா சொன்னாகள்ல, கேக்கலையா?

— தலையக் குனிஞ்சு உக்காந்திருந்தேன். எங்கன கேட்டேன்.

— பயந்தா ரத்தத்துல ஹார்மோன் ஏறுமாம். ஆம்பளைக்குச் சடார்னு ஏறி, ஓடு, இல்லன்னா அடின்னு தள்ளுமாம். பொம்பளைக்கு அதோட வேற ஒண்ணும் சேந்து, பக்கத்து ஆளப் புடின்னு சொல்லும் போல. எல்லாருக்கும் அப்படியில்லயாம், நெறையப் பேருக்கு.

— அப்ப நான் பயந்தாங்கொள்ளி இல்ல, என் ரத்தந்தான்ற.

— அந்த ரத்தம் அன்னைக்கு ராத்திரி எட்டுத் தோசை தின்னுச்சு!

— சிரிக்காத புள்ள. நம்ம மக சினேகா மேல சத்தியம், இனிமே உன்னய விட்டுட்டு ஒரு எட்டு எடுத்து வைக்க மாட்டேன்.

— இதச் சொல்லுவீகன்னுதான் பயந்தேன்.

— இதுல என்ன பயம்?

— நான் எவளையாவது இழுக்கத் திரும்புவேன். என்னால அத நிப்பாட்ட முடியாது. நீங்க எனக்காக நிப்பீக. ரெண்டு பேரும் உள்ள கெடந்தா சினேகாவுக்கு யாரு சோறு போடுவா?

— அதுக்கு?

— நீங்க ஓடணும். எவன் சிரிச்சாலும் ஓடணும். அன்னைக்குப் பொகைக்குள்ள நின்னப்ப, நீங்க வெளிய போயிட்டீகன்றதுதான் எனக்குத் தெம்பா இருந்துச்சு.

— அஞ்சு வருசமா ஒரே ரூம்ல வேலை பாக்கோம். நீ கண்ணு முன்னால இருக்கையில எப்படி ஓடுவேன்?

— இருக்க மாட்டேன். போர்மேன்ட்ட நேத்தே சொல்லிட்டேன். இன்னையிலருந்து நீங்க வடக்குக் கடைசி ரூமு. நான் தெக்கு.