பத்தே முக்காலுக்கு ஒரு போன்

பழைய பருத்தித் துண்டுகளை நான் தூக்கிப் போடுவதே இல்லை, சார். துவைத்து, இஸ்திரி போட்டு, நாலாக மடித்து வைத்துவிடுவேன். அடிபட்ட நாய்க்குட்டியின் ரத்தத்தை நிறுத்த அதைவிட நல்ல பொருள் கிடையாது. நனைந்தாலும் எடுக்கக் கூடாது. அதன்மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்த வேண்டும். எடுத்தால் உறைந்த ரத்தமும் கூடவே வந்துவிடும்.

கால்நடை மருத்துவமனையில் பத்தொன்பது வருஷம் கட்டுப் போட்டவன் நான். ஓய்வு பெற்ற பிறகு எங்கள் குடியிருப்பின் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் முதலுதவி வகுப்பு எடுத்தேன். பஞ்சடைத்த நாய் பொம்மைதான் நோயாளி. வந்தவர்களைச் சொல்ல வேண்டுமே! ஒருவர் காலுக்கான கட்டைக் கழுத்தில் சுற்றுவார். ஓர் அம்மா பொம்மைக்கு முத்தம் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வார். எனக்குக் குமட்டும்.

போன மாதம் வாசலில் ஒரு தெருக்குட்டியை ஸ்கூட்டர் இடித்தது. என் மாணவர்கள் ஐந்து பேர் அங்கே இருந்தார்கள். ஒருவர் முன்னங்கால்களைப் பிடித்துத் தூக்கினார். இன்னொருவர் வாயில் பாலை ஊற்றினார். நான் மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் பால் மூச்சுக்குழாய்க்குள் போய், அது செத்துக் கிடந்தது.

"அதுக்கு ஆயுசு அவ்வளவுதான் சார்," என்றார் பால் ஊற்றியவர், கையைச் சட்டையில் துடைத்தபடி. அந்தக் கையைப் பார்க்கப் பார்க்க அருவருப்பாக இருந்தது. இன்றும் இருக்கிறது.

பொம்மையை வைத்துச் சொல்லிக் கொடுத்தால் புத்தி வராது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். வலியில் நடுங்கும் உடம்பை ஒருமுறை கையில் ஏந்தினால் சாகும்வரை மறக்காது.

என் தங்கையும் நானும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். அவளுடைய குட்டிக்கு மூன்று மாதம். என்னைக் கண்டால் வாலோடு இடுப்பும் சேர்ந்து ஆடும். அவளைவிட என்னிடம்தான் அதற்கு நம்பிக்கை. வேறு குட்டியாக இருந்தால் திமிறியிருக்கும்; தேவையில்லாத காயம் பட்டிருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பு பதினொரு மணிக்கு. தங்கை குட்டியையும் கூட்டி வந்திருந்தாள். அது எல்லாருடைய செருப்பையும் இழுத்துக்கொண்டு ஓடியது. பதினொன்றேகாலுக்கு அதைப் பின்பக்கத்துச் சாமான் அறைக்குத் தூக்கிப் போனேன். அந்த அறைக்கு இரும்புக் கதவு. பின்னங்காலைக் கதவு நிலையோடு சேர்த்துப் பிடித்தேன். முட்டிக்குக் கீழே, அங்கேதான் எலும்பு சீக்கிரம் கூடும். கதவை ஒரே தடவைதான் சாத்தினேன்.

கதவில் மாட்டிக்கொண்டது என்று எல்லாரிடமும் சொன்னேன். வகுப்பு அருமையாக நடந்தது. யாரும் போனைத் தொடவில்லை. பால் ஊற்றியவர் குட்டியைக் கிடத்திய கெட்டி அட்டையை வளையாமல் பிடித்துக்கொண்டார். குட்டி வலியில் கடித்துவிடக் கூடாதென்று, தங்கை அழுதுகொண்டே அதன் வாயைத் துணியால் தளர்வாகக் கட்டினாள். போர்த்தி, அசைக்காமல், காருக்கு எடுத்துப் போனார்கள். எனக்கே கண் கலங்கிவிட்டது.

என் ஒழுங்குதான் என்னைக் காட்டிக் கொடுத்தது. கிளம்புமுன் மருத்துவமனைக்குச் சொல்லிவிட வேண்டும் என்பது வகுப்பின் முதல் பாடம். எதையும் கடைசி நிமிஷத்துக்கு வைப்பது எனக்குப் பிடிக்காது.

மருத்துவமனையில் டாக்டரம்மா பதிவேட்டைத் தங்கை பக்கம் திருப்பினார். "பத்தே முக்காலுக்கே உங்க அண்ணன் போன் பண்ணிட்டாரே, குட்டிக்குக் கால் உடைஞ்சிருக்கு, கொண்டு வரோம்னு. ஏம்மா இவ்வளவு நேரம்?"

தங்கை என்னைப் பார்த்தாள். "பதினோரு மணிக்கு அது ஓடிட்டிருந்துச்சே அண்ணா."

நான் மறைக்கவில்லை. கதவைப் பற்றியும் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி, படிக்கட்டில் வாந்தி எடுத்தாள். தண்ணீர் கொண்டு போனேன். "கிட்ட வராத. அந்தக் கையால எதையும் குடுக்காத," என்றாள்.

குட்டியின் காலை எடுத்துவிட்டார்கள். கட்டுப் போட்டதில் ஒரு குறையும் இல்லை. கதவின் கனம் நான் நினைத்ததைவிட அதிகம். வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: நான்தான் செய்தேன், தெரிந்தேதான் செய்தேன். இதையும் சேர்த்து எழுதுங்கள். அந்தக் கூட்டத்தில் வேறு யார் செய்திருந்தாலும், சார், குட்டிக்கு இதைவிட அதிகமாக வலித்திருக்கும்.