கோலிப்பியின் குரல்

இருட்டப் போகிற நேரம். ஆற்றை ஒட்டிய பாதை. ஒரு பக்கம் மூங்கில் புதர், ஆள் நுழைய முடியாத அடர்த்தி. இன்னொரு பக்கம் தண்ணீர். நடுவில் ஒரே ஒரு ஆள் நடக்கிற அளவுக்குச் சேறு. அந்தப் பக்கம் வீடு கிடையாது. வளைவு தாண்டினால், எதிர்க்கரையில், நம் மண்ணைப் பிடிக்க வந்த ஸ்பானியர்களின் மரக்கோட்டை... அவ்வளவுதான்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். விறகு ஈரம். நெருப்பு இதற்கு மேல் எரியாது.

என் கூட்டாளி கின்தேமானை உங்களுக்குத் தெரியும். அவனுடைய சித்தப்பா மாரிலாவ்தான் அந்தப் பாதையில் தனியாக வந்துகொண்டிருந்தார். தோளில் ஒரு மூட்டை மலைப்பைன் கொட்டை, தங்கை வீட்டுக்கு. குளிர்காலம் முடிகிற சமயம். மூடுபனி முழங்கால் வரை ஏறியிருந்தது.

தவளைகள் கத்திக்கொண்டிருந்தன... சட்டென்று நின்றன.

எதிர்க்கரையிலிருந்து ஒரு குரல்.

"மாமா... வெளிய வாங்க மாமா. பயப்படாதீங்க. சமாதானம் ஆயிடுச்சு."

கோலிப்பியின் குரல். தங்கையின் புருஷன். லேசான கரகரப்பு, கடைசி எழுத்தை இழுக்கிற விதம், எல்லாம் அவனேதான். மாரிலாவ் பதில் சொல்ல வாயைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். தன்னை அவன் மச்சான் என்றுதான் கூப்பிடுவான். கோலிப்பிக்கு மாமா என்று இருந்தது ஒரே ஒருவர். அவர் செத்துப் போயிருந்தார்.

பைனேக்குரா. நம் தலைவர். அந்தப் பேரைக் கேட்டாலே கோட்டைக்காரர்கள் இரவெல்லாம் தூங்காமல் காவல் இருந்த காலம் உண்டு. அவருடைய அக்கா மகன் இந்தக் கோலிப்பி. சின்ன வயதில் அவனை ஸ்பானியர்கள் பிடித்துக்கொண்டு போய்த் தங்க மணல் அரிக்க வைத்தார்கள். அங்கே அவர்கள் பாஷையைக் கற்றுக்கொண்டான். வளர்ந்ததும் கோட்டையிலேயே, நம் பேச்சை அவர்களுக்கும் அவர்கள் பேச்சை நமக்கும் மாற்றிச் சொல்கிற ஆள் ஆனான்.

அதற்கு முந்தின இலையுதிர் காலத்தில் கேப்டன் அவனைக் கூப்பிட்டு, "உன் தலைவன் வந்தால் பேசி முடித்துக்கொள்ளலாம்" என்றான். பைனேக்குரா ஆற்றின் இந்தக் கரையில், புதருக்குள் இருந்தார். வேறு யார் கூப்பிட்டாலும் வந்திருக்க மாட்டார். தோளில் தூக்கி வளர்த்த பையன் கூப்பிட்டான். புதரை விட்டு, ஆற்றைக் கடந்து வந்தார். கையில் சமாதானத்துக்குக் காட்டுகிற கனேலோ கிளை, வேறொன்றும் இல்லை.

ஒரு வெடிச்சத்தம். அவ்வளவுதான்.

உடம்பை ஆற்றில் தள்ளிவிட்டார்கள். அடக்கம் செய்ய நமக்குக் கிடைக்கவில்லை. தெரிந்து கூப்பிட்டானா, தெரியாமல் கூப்பிட்டானா... கோலிப்பி அதை யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கே கோட்டையை விட்டு மனைவி யன்கிராயின் வீட்டுக்கு வந்துவிட்டான். கோட்டையில் கொடுத்த குதிரையைக்கூட வழியில் அவிழ்த்துவிட்டானாம்.

அந்தக் குரல்தான், அதே வார்த்தைகள்தான், இப்போது தண்ணீருக்கு மேலே வந்துகொண்டிருந்தது. கூடவே ஒரு வாடை. கருகிய துப்பாக்கித் திரி. மழை ஊறிய அந்த இடத்தில், எங்கும் நெருப்பே இல்லாத இடத்தில்.

மாரிலாவ் ஓடவில்லை. ஓடினால் ஓடுகிற சத்தம் அதற்குக் கேட்கும் என்று பயந்தாராம். சேற்றில் காலை மெல்ல மெல்ல ஊன்றி, மூச்சை அடக்கிக்கொண்டு, தங்கை வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

உள்ளே அடுப்படியில் கோலிப்பி உட்கார்ந்திருந்தான். உலர்ந்த கால், உலர்ந்த துணி.

யன்கிராய் அண்ணனின் முகத்தைப் பார்த்தாள்.

"வழியில கேட்டுச்சா அண்ணே?"

"கேட்டுச்சு."

"பௌர்ணமியிலருந்து இவரு பேசல. வாயத் தொறக்கறாரு, காத்துதான் வருது. புண்ணு இருக்கான்னு நானே விரல விட்டுப் பாத்தேன். ஒண்ணும் இல்ல. குரல் மட்டும் வெளிய சுத்துது."

மாரிலாவ் மைத்துனனின் எதிரே உட்கார்ந்தார். "மாப்ள. தெரிஞ்சா கூப்ட்ட?"

கோலிப்பி உதட்டை அசைத்தான். காற்றுதான். ஆமாம் என்றானா, இல்லை என்றானா, மாரிலாவுக்குப் புரியவில்லை.

அப்போது வெளியே காலடிச் சத்தம். பக்கத்து வீட்டு ஆண்கள், கையில் தீப்பந்தம். அந்தக் குரல் அவர்களுக்கும் கேட்டிருந்தது. முன்னால் நின்றவன் உள்ளே வராமலேயே பேசினான்.

"மாரிலாவ், அந்தச் சூனியக்காரன வெளிய அனுப்பு. ஒனக்கு மாப்ளன்னா எங்களுக்கு என்ன? எங்க தலைவர வித்தவன் அவன்."

"வித்தான்னா வெல எங்கடா? கூரயப் பாரு, ஒழுகுது."

"வழிய விடு. இல்லன்னா ஒன்னயும் சேத்துத்தான் கொளுத்துவோம்."

மாரிலாவ் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். கதவுச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாராம். அவருக்குக் கோலிப்பி மேல் இரக்கம் இருந்ததா என்று தெரியாது. பின்னால் தங்கை நின்றாள். அது போதும்.

கோலிப்பியே எழுந்து வந்தான். மச்சானின் தோளைத் தொட்டு ஒதுக்கிவிட்டு, பந்த வெளிச்சத்தில் நின்றான். கொளுத்துகிறவர்கள் கொளுத்தட்டும் என்பதுபோல.

அந்த நேரத்தில்தான்... ஆற்றுப் பக்கமிருந்து குரல் மறுபடியும் எழுந்தது.

எல்லோரும் அவன் வாயைப் பார்த்தார்கள். இறுக மூடியிருந்தது. குரலோ அங்கே, தொலைவில், தெளிவாக. இந்தத் தடவை நம் பாஷை இல்லை. ஸ்பானியர்களின் பாஷை. ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டது. பெத்ரோ... கொஞ்ச நேரம் சத்தமில்லை. அலோன்ஸோ... மறுபடி சத்தமில்லை. நிதானமாக, பிரியமாக, சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி. கோட்டையில் இருந்தவர்களின் பேரெல்லாம் கோலிப்பிக்குத் தெரியும்.

இரும்புத் தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் தண்ணீரைத் தாண்டி வந்தது. பிறகு கதவு. பிறகு, யாரோ ஆற்றில் இறங்குகிற சத்தம். ஒரு பேர். ஒரு சளப். இன்னொரு பேர். இன்னொரு சளப். ஒருத்தரும் அலறவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை என்பார் மாரிலாவ். ஒரு அலறலாவது கேட்டிருக்கலாம்.

கோலிப்பியின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. பந்தம் பிடித்தவர்கள் பின்வாங்கினார்கள்.

விடிந்ததும் மாரிலாவும் சிலரும் படகில் போய்ப் பார்த்தார்கள். கோட்டைக் கதவு அகலத் திறந்து கிடந்தது. அடுப்பில் கஞ்சி அடிப்பிடித்துக் கருகியிருந்தது. படுக்கைகள் கலைந்திருந்தன. துப்பாக்கிகள் சுவரில் சாத்தியபடியே. கேப்டனின் நாய் சங்கிலியில் உயிரோடு நின்றது, ஆற்றுப் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. சேற்றில் வெறுங்கால் தடங்கள், எல்லாம் தண்ணீரை நோக்கி. திரும்பி வந்த தடம் ஒன்றுகூட இல்லை. எந்த உடம்பும் எந்தக் கரையிலும் ஒதுங்கவில்லை.

கூட வந்தவர்கள் சந்தோஷமாகத்தான் திரும்பினார்கள். கோட்டை போய்விட்டதே. ஒருவன் பாடக்கூடச் செய்தான். மாரிலாவ் மட்டும் வேகமாக நடந்தார்.

யன்கிராய் வீட்டுக்கு வெளியே மழையில் நின்றுகொண்டிருந்தாள். தலையில் துணிகூட இல்லை.

"உள்ள போகாம ஏன் இங்க நிக்கற?"

"அவரு பேசிட்டாருண்ணே."

"அப்ப நல்லதுதான?"

அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே யாரோ விறகைத் தள்ளி நெருப்பைக் கிளறுகிற சத்தம்.

"அது அவரு குரல் இல்ல. பைனேக்குரா மாமா குரல்."

மாரிலாவ் கதவுப் பக்கம் திரும்பினார். "என்ன... என்ன சொன்னாரு?"

"கோலிப்பி எங்கன்னு கேட்டாரு."