மர அச்சில் இருப்பது யாருடைய கால்

வாக்குமூலம் அளிப்பவர்: அரண்மனைக் காலணிக்காரரின் ஒரே மகள். வயது இருபத்துமூன்று. பி.ஏ. படித்தவள். திருமணமாகி ஏழு மாதப் பெண் குழந்தை உண்டு. இருப்பிடம்: அரண்மனைப் பின்வாசலுக்கு எதிரே, காலணிக் கடையின் மாடி.

எழுத்தர் எழுத நான் அடியில் கையெழுத்துப் போடும் முறை வேண்டாமென்று சொல்லி, நீதிபதி அவர்களின் அனுமதியோடு இதை என் கையாலேயே எழுதுகிறேன்.

என் அப்பா இருபத்தெட்டு வருடமாக அரண்மனைக்குக் காலணி செய்கிறார். காணாமல் போன இளவரசருக்கு, அவருடைய பதினான்காம் வயது முதல் இருபதாம் வயதில் காணாமல் போகும்வரை, எல்லாக் காலணியும் எங்கள் கடையில்தான் செய்யப்பட்டது. ராஜ குடும்பத்தார் காலை வெளியாள் தொடக் கூடாது என்பது அரண்மனை விதி. தொடாமல் அளவெடுக்க முடியாது. ஆகவே இளவரசரின் பழைய காலணி ஒன்றை அனுப்பி, அது யாருக்குப் பொருந்துகிறதோ அவன் காலை அளவெடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அரண்மனைக் கிடங்கில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த, அதே வயதுப் பையன் ஒருவனுக்குப் பொருந்தியது. அவனை எங்கள் கடைக்கே அனுப்பிவிட்டார்கள். அவன் காலைப் பார்த்துத்தான் அப்பா காலணி தைக்கும் மர அச்சைச் செதுக்கினார். அவன் கால் வளர வளர அச்சையும் மாற்றினார். அதன் அடியில் இளவரசரின் முத்திரையைக் குத்தியது அரண்மனை ஆள்.

புதுக் காலணி கடிக்கும் என்பதால், ஒவ்வொரு ஜோடியையும் அளவுக்குக் கால் கொடுத்த அவனே ஏழு நாள் போட்டுக்கொண்டு எங்கள் பின்முற்றத்தில் சுற்றிச் சுற்றி நடந்து பதப்படுத்துவான். அதனால் அவனுக்கு நடையன் என்று பெயர். அப்போது நான் சின்னப் பெண். படியில் உட்கார்ந்து சுற்றுகளை எண்ணுவது என் வேலை. "ராஜாவுக்கு வர வேண்டிய கொப்புளமெல்லாம் எனக்கு வருது பாப்பா, பட்டம் மட்டும் வர மாட்டேங்குது" என்பான். ஒரு சுற்று முடிந்ததும் அப்பா அவன் கணுக்காலில் ஒரு தட்டுத் தட்டுவார், அவன் காலைத் தூக்கிக் காட்டுவான்.

பழுதுபார்க்க வரும் இளவரசரின் ஜோடிகளில் இடது காலணியின் முனையில் பஞ்சு அடைத்திருக்கும். முதலில் அனுப்பிய பழைய காலணி போட்டுப் போட்டுத் தளர்ந்திருந்ததால், அந்த அச்சு அவருக்குச் சற்றுப் பெரிது என்று அப்பாவுக்குத் தெரியும். வேறு கால் கிடைக்காததால் அப்படியே ஓடியது.

பதினோரு வருடத்துக்கு முன் இளவரசர் காணாமல் போனார். அந்த மாதமே நடையனும் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டுப் போய்விட்டான். இளவரசர் எங்கே போனார் என்று என்னிடம் இதுவரை நான்கு முறை கேட்டுவிட்டார்கள். எனக்குத் தெரியாது.

சென்ற மாதம் பத்தாம் தேதி காலை, இளவரசர் திரும்பி வந்துவிட்டதாகச் சொல்லி, அரண்மனை மந்திரி ஓர் ஆளைக் கடைக்கு அழைத்து வந்தார். கூடவே செய்தித்தாள்காரர்கள் இருவரும் காவலர்களும் வந்தார்கள். தாடியும் பட்டுச் சட்டையுமாக இருந்ததால் எனக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. அதன் பிறகு முத்திரை குத்திய அச்சைப் பரணிலிருந்து எடுத்து அவர் காலோடு வைத்துப் பார்த்தார்கள். மயிரிழைகூட வித்தியாசம் இல்லை. எல்லோரும் கை தட்டினார்கள். அதன் பிறகு மந்திரி, அந்த அச்சில் கடைசியாகச் செய்து கொடுக்காமலே நின்றுபோன ஜோடியைப் போட்டுக் காட்டச் சொன்னார். போட்டார். அப்பா கீழே உட்கார்ந்து வாரை இழுத்துக் கட்டினார். கட்டி முடித்ததும், கை பழக்கத்தில் அவர் கணுக்காலில் ஒரு தட்டுத் தட்டி, "ஒரு சுத்து போய்ட்டு வா" என்றார்.

வந்தவர் எழுந்து போனார். யாரும் வழி காட்டவில்லை. நேரே பின்முற்றத்துக்குப் போய், சுவரோரமாக நடந்து, தோல் ஊறவைக்கும் தொட்டிக்கு இரண்டடி முன்னால் திரும்பி, ஒரு சுற்று முடித்து வந்து நின்று இடது காலைத் தூக்கிக் காட்டினார். அப்பா, "எங்க பிடிக்குது?" என்று கேட்டார். "சுண்டு விரல்கிட்ட அண்ணே. ரெண்டு நாள்ல விட்டுடும்" என்றார். சொன்ன பிறகு அவர் முகம் வெளுத்தது. அப்பா முகமும்.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் வந்து, ராஜ உடம்பின்மேல் கை வைத்த குற்றத்துக்காக அப்பாவை அழைத்துப் போனார். அன்று மாலையே ஒரு தாளுடன் திரும்பி வந்தார். அதில், அந்த அச்சு இளவரசரின் காலிலேயே அளவெடுத்தது என்று என் பெயரில் எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டால் மன்னிப்புக் கிடைத்து அப்பா நாளைக்கே வீட்டுக்கு வருவார் என்றார். நான் படிக்கத் தொடங்கியதும், "இதுல படிக்க என்னம்மா இருக்கு? போடும்மா" என்றார். "படிக்காம போடுறதுக்கா எங்கப்பா என்னைக் காலேஜுக்கு அனுப்பினார்?" என்று கேட்டேன். போடவில்லை.

அதன் பிறகு தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் என் கணவர் சொன்னார்: "யார் ராஜாவா இருந்தா நமக்கென்ன? நடையன் நல்ல மனுஷன்னு நீதானே சொல்வே. அவனே இருந்துட்டுப் போகட்டும். மாமா வீட்டுக்கு வரட்டும்." "நாளைக்கு ஒருத்தர் வந்து உங்க சட்டை தனக்குச் சரியா இருக்குன்னு சொன்னா, வாங்கன்னு உள்ள விட்டுடவா?" என்று கேட்டேன். பிள்ளைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். எனக்கும் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று இரண்டு முறை தோன்றியது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நேற்று அப்பாவைப் பார்க்கப் பத்து நிமிடம் விட்டார்கள். சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நின்றிருந்தார். ஊருக்கெல்லாம் காலணி தைத்தவர். தாளைப் பற்றிச் சொன்னேன். அவர், "நான் தட்டினது யார் காலைம்மா?" என்று மட்டும் கேட்டார். "நடையன் காலைப்பா" என்றேன். "அப்புறம் எதுக்கு மன்னிப்பு?" என்றார்.

நீதிபதி அவர்களிடம் நானும் அதையே கேட்கிறேன். நடையன் கணுக்காலைத் தட்டுவது குற்றமென்றால், ஆறு வருடம் அந்த முற்றத்தில் தினமும் குற்றம் நடந்திருக்கிறது, நானே எண்ணியிருக்கிறேன். குற்றமில்லை என்றால் அப்பாவை மன்னிக்க வேண்டாம், விட்டுவிடுங்கள். அச்சு பொருந்தியதுதான் அவர் இளவரசர் இல்லை என்பதற்குச் சாட்சி. இளவரசர் கால் என்றால் பஞ்சு வேண்டியிருக்கும். நம்பாவிட்டால் பழுதுக்கு வந்து கடையிலேயே தங்கிவிட்ட இளவரசரின் பழைய ஜோடி இரண்டு இருக்கிறது, பஞ்சோடு கொண்டுவந்து வைக்கிறேன்.

நடையனைப் பற்றி ஒன்று. தான் இளவரசர் என்று அவன் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. சொன்னதெல்லாம் மந்திரி. தண்டிப்பதற்கு முன், மந்திரி பக்கத்தில் இல்லாதபோது அவனையும் உட்காரவைத்துக் கேளுங்கள்.

இதில் நான் கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும் மட்டுமே உள்ளது. யாரும் சொல்லிக்கொடுத்து எழுதவில்லை, யாருக்கும் பயந்து எதையும் விடவில்லை. எழுதியதை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்திடுகிறேன். குழந்தை மடியில் இருந்து கையை இழுத்ததால் கையெழுத்து கோணலாக விழுந்திருக்கிறது. பின்னால் அதைக் காட்டி, இது என்னுடையது இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். என்னுடையதுதான்.

(ஒப்பம்)
காலணிக்காரர் மகள்