பாக்கியம்மாவின் ழ

— கையை விடுங்கோ, பாக்கியம்மா. பாஸ்டரின்ர பெண்சாதி அரசாங்கக் கச்சேரி வாசலில என்னைப் பிடிச்சு இழுக்கிறா எண்டு நாளைக்கு ஊரெல்லாம் கதை வரும்.

— வரட்டும். கீர்த்தனி, என்ர பிள்ளை, ஒரு சொல்லுக்கு நில். உள்ள போய்க் கையெழுத்து வைச்சா, புருசன் செத்துப்போனானெண்டு நீயே எழுதிக் குடுக்கிறாய்.

— தர்சன் குச்சவெளியில வெளிநாட்டுக்குப் போட் ஏறி ஒம்பது வருசம். நான் எழுதிக் குடுக்காமல் வேற ஆர் குடுக்கிறது?

— அதே போட்டிலதான் என்ர ஜெபசீலனும் போனவன். பெத்தவள் நான் எழுதிக் குடுத்தனானே?

— அதுதான் எனக்கு விளங்குறேல்ல. ஒருநாளாவது நீங்கள் அழுது நான் காணேல்ல.

— ஏன் அழோணும்? தேவன் வாக்குக் குடுத்திட்டார். நாங்கள் கீழ்ப்படிஞ்சு நிண்டா அவர் செய்து முடிப்பார். ஸ்தோத்திரம்.

— நான் கீழ்ப்படியாத ஒண்டைச் சொல்லுங்கோ பாப்பம். தோட்டைக் கழட்டு எண்டியள், கழட்டினன். வெள்ளிக்கிழமையில பச்சைத்தண்ணி குடிக்கேல்ல. சின்னராசா கலியாணம் கேட்டு கிளிவெட்டியில இருந்து வந்தவர். நல்ல மனுசன். முகத்துக்கு நேர கதவைச் சாத்தினன்.

— எல்லாம் தேவன் பாத்துக்கொண்டுதான் இருக்கிறார், பிள்ளை.

— பாத்தென்ன? தர்சன் வரேல்ல எண்டு வந்து அழுதால், 'உன்ர கீழ்ப்படிதலில எங்கயோ குறை, தேடு' எண்டியள். தேடினன். ஒருநாள் ரிவி பாத்துச் சிரிச்சதுக்கு முழங்காலில நிண்டு மன்னிப்புக் கேட்டனான். சிரிச்சதுக்கு, பாக்கியம்மா!

— இன்னும் கொஞ்சந்தான். இவ்வளவு தூரம் வந்திட்டுக் கைவிடாதே.

— சேலையை இழுத்துப் பிடியுங்கோ, மான் சப்புது.

— சூ! போ அங்கால! ரவுணுக்குள்ள திரியிற இந்த மானுகளால ஒரு இடத்தில நிக்கேலாது. கேள் பிள்ளை, போட் போன பிறகு வந்த புதுவருச ஆராதனையில, கண்ணை மூடிக்கொண்டு கூடைக்குள்ள இருந்து நீ எடுத்த வாக்குத்தத்த அட்டையை மறந்திட்டியோ?

— கொண்டந்திருக்கிறன். இந்தாங்கோ. 'நீ கீழ்ப்படிந்தால் அவன் கரை சேருவான்.' கூடைக்குள்ள எல்லாருக்கும் அச்சடிச்ச அட்டை, எனக்கு மட்டும் கையால எழுதினது. தேவன் எனக்கெண்டே தனியா எழுத வைச்சவர் எண்டு லிங்கநகர் முழுக்கச் சொல்லித் திரிஞ்சனான்.

— ஆமென்.

— பொறுங்கோ. இண்டைக்குக் காலமை என்ர மகளிட்ட நீங்கள் குடுத்துவிட்ட துண்டும் இருக்கு. 'கீழ்ப்படி. கையெழுத்து வைக்காதே.' ரெண்டையும் பக்கத்தில வைச்சு இந்த 'ழ'வைப் பாருங்கோ. வால் தூண்டில் மாதிரி மேல வளையுது. ஆற்ர எழுத்து இது?

— வெயிலுக்கு எனக்குக் கண் தெரியேல்ல.

— தெரியும். சொல்லுங்கோ.

— அப்ப நீ நாலு நாளாச் சாப்பிடேல்ல, பிள்ளை. கைக்குழந்தையைத் தூக்கவும் உனக்குப் பலமில்ல. நீ கூடைக்குக் கிட்ட வரேக்க அந்த அட்டையை மேல வைச்சனான். அண்டைக்கு எழும்பி வந்து சாப்பிட்டாய்தானே?

— சாப்பிட்டன். அந்தப் பொய்யைத்தான் இண்டைவரைக்கும் சாப்பிடுறன்.

— பொய்யெண்டு சொல்லாதே!

— 'வருவான்' எண்டு மட்டும் எழுதியிருந்தா நான் உங்களை மன்னிச்சிருப்பன். அந்தக் 'கீழ்ப்படிந்தால்' ஏன் போட்டனீங்கள்? அவர் வராட்டி குற்றம் என்ர தலையில விழவோ?

— சும்மா காத்திருக்க மனுசருக்கு ஏலாது, கீர்த்தனி. தினம் எழும்பிச் செய்ய ஏதும் இருந்தாத்தான் உயிர் நிக்கும்.

— என்ர உயிரை நிப்பாட்ட உங்களை ஆர் கேட்டது? என்ர நம்பரைக் கூப்பிடினம், விடுங்கோ. இந்த அட்டையை மான் தின்னட்டும்.

— வேண்டாம்! போட் கடலுக்குள்ள தாண்டு போச்செண்டு நீ கையெழுத்து வைச்சா, பிறகு நான்...

— நீங்கள் என்ன?

— அந்த அட்டை நான் ரெண்டு எழுதினனான், பிள்ளை. மற்றதையும் கூடைக்கு மேலேயே வைச்சிட்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நானே எடுத்தனான்.