கொம்பு முகமூடியும் கேரல் செண்டையும்

வீடு வீடாகப் பாடிச் செல்லும் நம் கிறிஸ்துமஸ் கேரல் தொடக்க விழாவின் தலைமையை அலங்கரிக்கும் அண்ணன் ஜஸ்டஸ் அவர்களே! ரப்பர் பால் மணக்கும் கையோடு வந்து அமர்ந்த பெரியோர்களே! ஒரு கண் அடுப்பிலும் ஒரு கண் மேடையிலுமாக இருக்கும் தாய்மார்களே! வெள்ளறடை உறவுகளே! ஆஸ்திரியாவில் பதினோரு ஆண்டு நர்சாக இருந்து, விடுப்பில் வந்திருக்கும் மினியின் அன்பு வணக்கம்.

அந்த மலைநாட்டில் எனக்கு முதல் டிசம்பர். மாலைப் பனி. முதியோர் இல்ல வாசலில் ஒரே மணியோசை! கதவைத் திறந்தால், ஆட்டுத்தோல் போர்த்தி, கொம்பு முகமூடி மாட்டி, இடுப்பில் மாட்டுமணி குலுங்க ஆறு பேய்கள்! "யேசுவே, ரெட்சியும்!" என்று அலறி, கையிலிருந்த சூப்பை முதல் பேயின் தலையில் கவிழ்த்துவிட்டேன். சிரியுங்கள், சிரியுங்கள்! நீங்களாயிருந்தால் பாத்திரத்தையும் எறிந்திருப்பீர்கள். பேய் முகமூடியைக் கழற்றியது. யார்? ஞாயிறுதோறும் எங்கள் ஆலயமணி அடிக்கிறவர்!

"குளிரைத் துரத்த வந்தோம், சிஸ்டர். ஆலயம் வருவதற்கு முன்பே இந்த ஆட்டம் உண்டென்பார்கள். எட்டு மணிக்குப் பாடகர் குழு ஒத்திகை, அதற்குள் தலை காய வேண்டுமே!" என்றார்.

என்ன மனசு அது! பனியிலும் வாடாத பச்சைக் கிளையை முதலில் வீட்டுக்குள் வைத்தவர்கள் எந்தச் சாமியை நினைத்தார்களோ? ஜூனில் யோவான் திருநாளன்று குன்றுதோறும் மூட்டும் தீ, முதலில் கதிரவனுக்கா, யோவானுக்கா? அந்தத் தீயைச் சுற்றி நின்றபடியே அவர்களே இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். பாதிரியாரும் கூடவே நிற்கிறார். பழையதை வெட்டாமல் புதியதை நட்ட அந்த மக்களை வியக்கிறேன்! வணங்குகிறேன்!

பின்வரிசையில் ஷிபு என்ன சொல்கிறான்? "எக்கா, அது ஐரோப்பா! இது வெள்ளறடையாக்கும்!" சரி மக்கா, வெள்ளறடைக்கே வாறேன்.

பதினெட்டு வருடம் நம் கேரலுக்குச் செண்டை கொட்டியவர் வேலாயுதன் அண்ணன். கோயிலில் கொட்டுகிற செண்டை சபைக்கு ஆகாதென்று இந்த ஆண்டுப் பட்டியலில் அவர் பெயரே இல்லை. கொம்பு வைத்தவருக்கு அங்கே பாடகர் குழுவில் இடமுண்டு. கொட்டுகிறவருக்கு இங்கே இடமில்லையா? அந்தப் பச்சைக் கிளை கிறிஸ்துமஸ் மரமாக வீட்டுக்குள் நிற்கலாம், செண்டை வாசலில் நிற்கக் கூடாதா?

யாரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வாட்சாப்பில் அந்தப் பட்டியல் வந்தது. படித்தேன். அவர் பெயர் இல்லாததைக் கண்டேன். சரியென்று கட்டைவிரல் படமும் போட்டேன். வெட்கமாக இருக்கிறது! உங்கள் அத்தனை பேர் முன்னிலும் அதைத் திரும்ப எடுக்கிறேன்.

வேலாயுதன் அண்ணன் வரவில்லை. கூப்பிடாத இடத்துக்கு அவர் வரமாட்டார். மன்னிப்புக் கேட்க நான் அவர் வீட்டுக்கு நடக்கிறேன். நம் கேரலின் முதல் வீடு இன்று அதுவாகட்டும்! பொறுமையாகக் கேட்ட அனைவருக்கும் நன்றி, வணக்கம். வருகிறவர்கள் வாருங்கள்.

அடடா, தலைவரே எழுந்து செருப்பைத் தேடுகிறார்!