மாப்பிள்ளை படம் மாறிய கதை

"மாப்பிள்ளைன்னு பேரு போட்டு, மேல டாய்லெட்டு படம் நிக்குதுங்க."

விருத்தாசலத்தில் ரயில் கிளம்பியதும் எதிர் இருக்கைப் பெண், மடியிலிருந்த லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல் கணவரிடம் சொன்னார்.

"யாரு வச்சது?"

"நான்தான். கொலு பொம்மைக் கம்பெனி, டாய்லெட்டு கம்பெனி, ரெண்டு வெப்சைட்டும் நான்தானே பாக்குறேன். எந்தக் கம்பெனி, அதுல எந்த புராஜெக்டுன்னு மொதல்ல கம்ப்யூட்டருக்குச் சொல்லிட்டுத்தான் படத்த ஏத்தணும். நேத்து சொல்ல மறந்துட்டேன். கடைசியா வேலை பாத்த பொம்மைக் கம்பெனிலயே, கல்யாண செட்டு பொம்மைங்க இருந்த எடத்துல டாய்லெட்டு படமெல்லாம் ஏறிடுச்சு."

"கம்ப்யூட்டரு திருப்பிக் கேக்காதா?"

"கேக்காது. சொன்னதச் செய்யும்."

"நம்ம வூட்ல சொன்னதச் செய்யுற ஒரே ஆளு அதான்."

"சும்மா இருங்க. மொதலாளி பாத்தா வேலை போயிடும்."

கறுப்புத் திரையில் கம்பெனி பெயரை அடித்தார். புராஜெக்ட் பெயரை அடித்தார். இரண்டையும் வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்த பிறகே பழைய பொம்மைப் படங்களை ஏற்றினார். ஆடிட் ஆபீசில் முப்பது வருடம் கோப்புகளில் குறை கண்டுபிடித்த எனக்கே அதில் குறை எதுவும் தெரியவில்லை.

அதற்குள் பொம்மைக் கம்பெனி முதலாளியே அழைத்துவிட்டார். அவசரமாகப் போனை எடுத்ததில் ஸ்பீக்கர் பொத்தான் அழுந்திவிட்டது.

"ஏம்மா, காலையில இருந்த டாய்லெட்டெல்லாம் எங்க?"

"மன்னிச்சுக்குங்க சார், தப்பா ஏறிடுச்சு. எடுத்துட்டேன்."

"அத வுடும்மா. அந்த மாப்பிள்ளை நல்ல ஒசரமா இருந்துது. எங்க வூட்ல முட்டி வலி. என்ன வெலைன்னு கேட்டுச் சொல்றியா?"